செத்த வயர்

வண்டியைக் கெடுத்தது நான்தான். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். கடைசிவரை மூடி மூடி வைத்துக் கதை சொல்லும் பொறுமையெல்லாம் எனக்குக் கிடையாது. என் வீட்டுக்காரரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதில் இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் தேய்ந்துபோய்விட்டது.

அவர் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்ப்பவர். விளக்கு எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை, செல்ஃப் எடுக்கவில்லை என்று அலுத்துப்போனவர்கள் கடைசியில் இவரிடம்தான் வருவார்கள். தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் சுடுதண்ணி. எப்போது பார்த்தாலும் காலில் சுடுதண்ணியைக் கொட்டிக்கொண்ட மாதிரி நடப்பார், ஓடுவார், திரும்புவார். உட்கார மட்டும் மாட்டார். சாப்பாடு நின்றுகொண்டே. செய்தித்தாள் நடந்துகொண்டே. எங்கள் கல்யாணப் போட்டோவில் எல்லோரும் பளிச்சென்று இருப்பார்கள். மாப்பிள்ளை முகம் மட்டும் கலங்கிப்போய் இருக்கும். போட்டோக்காரர் அசையாதீர்கள் என்று கத்திய அந்த நொடியில் மண்டபத்து விளக்கு ஒன்று மினுக்கியதாம். இவர் திரும்பிப் பார்த்தாராம். ஒரு புகையைக் கட்டிக்கொண்டு வந்தவள் என்று என் தங்கை இன்றைக்கும் கேலி செய்கிறாள்.

வீட்டின் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட பட்டறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பட்டறை மேஜை தெரியும். குழம்பு வாசனையும் ஈயம் உருகும் வாசனையும் எங்கள் வீட்டில் சேர்ந்தேதான் இருக்கும். ஆரம்பத்தில் உதவிக்கு ஓர் ஆள் இருந்தார். இவருடைய அவசரத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அவர் ஒரு நாள் சாப்பிடப் போனவர், போனவர்தான். "கொஞ்ச நேரம் வந்து சாவி போடு" என்று இவர் என்னைக் கூப்பிட்டார். அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் முடியவில்லை. வருகிற டிரைவர்கள் எல்லோருக்கும் நான் சாவி அக்கா.

வேலை என்னவோ சுலபம். நான் டிரைவர் சீட்டில் உட்கார வேண்டும். அவர் முன்னால் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கத்துவார். "சாவி மட்டும்" என்றால் சாவியைப் பாதி திருப்ப வேண்டும். "அடி" என்றால் முழுதாகத் திருப்பி செல்ஃப் அடிக்க வேண்டும். "போதும்" என்றால் கையை எடுத்துவிட வேண்டும். புதிதில் ஒரு தடவை நானாக எதையோ நினைத்துக்கொண்டு அடித்துவிட்டேன். பிளக்குக்குப் பொறி அனுப்பும் காயிலில் கை வைத்திருந்தவர் துள்ளியதில் பானெட்டில் தலை இடித்து, நெற்றி பன் மாதிரி வீங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டார். எதைத் தொடப்போனாலும் தொடுவதற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்வது. "கரண்டு வருதான்னு காயில்ல லாம்ப் வைக்கிறேன், சாவி மட்டும்." "பிளக்கைப் பாக்கறேன், அடி." தனியாக வேலை செய்தாலும் சொல்லுவார். தூக்கத்தில்கூடச் சொல்லியிருக்கிறார். அந்தப் பழக்கத்தை அவருக்கு எதிராக நானே திருப்புவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

எங்கள் சொந்த வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய பெட்ரோல் வேன். எங்கள் மகளைவிட வயதில் மூத்தது. மூத்த பிள்ளை என்றுதான் சொல்லுவார். வாங்கும்போது அதில் ஒரு திருட்டு சுவிட்ச் இருந்தது. முந்தைய சொந்தக்காரர் பயந்த பேர்வழி போலிருக்கிறது. டிரைவர் சீட்டுக்கு அடியில் குட்டியாக ஒரு சுவிட்ச், அதிலிருந்து ஒரு வயர் காயிலுக்குப் போகும். சுவிட்சைத் தட்டிவிட்டால் கரண்டு முழுதும் எர்த்தாகி வண்டியின் உடம்புக்குள்ளேயே போய்விடும். வண்டி சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பிளக்கில் பொறி மட்டும் வராது. திருட வந்தவன் அலுத்துப்போய்ப் போய்விடுவான். இவர் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார். "இதை எவன்டீ திருடப் போறான்? திருடினாலும் வீடு போய்ச் சேர மாட்டான்" என்று சீட்டுக்கு அடியில் வயரை வெட்டிவிட்டார். காயிலில் இருந்த முனை அப்படியே கிடந்தது. அதற்குச் செத்த வயர் என்று பெயரும் வைத்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் சாமான் வாங்கிக்கொண்டு வேனில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். நான் பக்கத்து சீட்டில் அமர்ந்து வெங்காயம் விற்கிற விலையைத் திட்டிக்கொண்டு வந்தேன். பதில் இல்லை. வழக்கமாக ஒரு 'ம்' ஆவது வரும். திரும்பிப் பார்த்தால் அவர் தாடை நெஞ்சில் கிடந்தது. கைகள் ஸ்டியரிங்கில் அப்படியே இருந்தன. நான் போட்ட கூச்சல் எனக்கே கேட்கவில்லை. வண்டி மெதுவாக நடைபாதையில் ஏறி, ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது. நடைபாதையில் யாரும் இல்லை. ஒருவரும் இல்லை.

கண்ணைத் திறந்தார், இறங்கினார், உடைந்த விளக்கைப் பார்த்தார். "பிரேக் இடது பக்கம் இழுக்குது" என்றார்.

அன்று சாயங்காலமே நாலு சக்கரத்து பிரேக்கையும் கழற்றிப் போட்டு மாட்டினார். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வரலாங்க" என்றேன். "பிரேக்குக்கு எதுக்குடீ டாக்டர்?" என்றார். கெஞ்சினேன். கத்தினேன். சாப்பிடாமல் கிடந்தேன். "கம்பத்துல முட்டினதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று பட்டறைக்குப் போய்விட்டார். மறுநாள் வழக்கம்போல வண்டியை எடுத்தார். வாசலில் ஹாரன் கேட்கும்வரை நான் அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். தினமும் இதே கதை.

அப்புறம் மகள் போன் செய்தாள். குழந்தை பிறந்த பிறகு முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறாள். மதிய ரயில். "ஸ்டேஷனுக்கு நான் வர்றேன், நம்ம வண்டியிலதான் என் பேத்தி வீட்டுக்கு வரணும்" என்று இவர் குதித்தார். வேனைக் கழுவினார், துடைத்தார், மறுபடியும் கழுவினார். குழந்தையின் கூடை ஆடாமல் இருக்கப் பின்சீட்டில் வார் வைத்துத் தைத்தார். அந்த வாரைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கம்பம்தான் கண்முன் வந்தது. மகளிடம் சொல்லலாம்தான். பச்சை உடம்புக்காரி, பால் கொடுக்கிறவள், அவளையும் கலங்கடிக்க மனசு வரவில்லை. சாவியை ஒளித்து வை என்று தங்கை யோசனை சொன்னாள். நல்ல யோசனைதான், வேறு ஆளாக இருந்தால். ஊரில் சாவியைத் தொலைத்தவன் எல்லாம் இவரைத் தேடித்தான் வருகிறான். இரண்டு வயரைத் தொட்டே இவர் வண்டியைக் கிளப்பிவிடுவார், சாவி எம்மாத்திரம்?

அதனால்தான் முந்தின நாள் அவர் முடிவெட்டப் போன நேரத்தில் சீட்டுக்கு அடியில் படுத்தேன். செத்த வயரின் இரண்டு முனைகளையும் பல்லால் சீவி, முறுக்கிச் சேர்த்தேன். வயர் சுற்றும் டேப் அவர் இடுப்புப் பையில் போய்விட்டது. மருந்துப் பெட்டியில் இருந்த காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியைச் சுற்றினேன். சுவிட்சைக் கீழே தட்டிவிட்டேன். பொறி வரவில்லை என்றதும் கொஞ்ச நேரம் பார்ப்பார், சலித்துக்கொள்வார், வாடகை வண்டியைக் கூப்பிடுவோம். இதுதான் என் கணக்கு. இவரோடு இவ்வளவு காலம் வாழ்ந்தும் இப்படி ஒரு கணக்குப் போட்டேன் பாருங்கள், என் புத்தியை எதால் அடிப்பது?

காலையில் செல்ஃப் அடித்தார். சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி அடித்தார். இறங்கி வந்து சமையலறை ஜன்னலைத் தட்டினார். "ஏய், வா, சாவியில உக்காரு!"

உட்கார்ந்தேன். ஒரு கை சாவியில், ஒரு கை சீட்டுக்கு அடியில்.

"பிளக்கைக் கழட்டி எஞ்சின் மேல வெச்சிருக்கேன். அடி!"

அடித்தேன்.

"ஸ்பார்க் இல்ல!" என்றார் சந்தோஷமாக. ஆமாம், சந்தோஷமாகத்தான். கோளாறு என்று ஒன்று இருந்தால் அவருக்கு உற்சாகம் தாங்காது. "பெட்ரோல் இல்ல, ஸ்பார்க்தான். வா மவனே, எங்க ஒளிஞ்சிருக்கேன்னு பாக்கறேன்."

"லாம்ப் வைக்கிறேன், சாவி மட்டும்." உடனே நான் சுவிட்சை மேலே தட்டினேன். டிக் என்றது. அந்தச் சத்தத்தை மறைக்க இருமினேன். முன்னால் லாம்ப் எரிந்தது. "கரண்டு வருது. சரி. இப்ப அடி." சுவிட்சைக் கீழே தட்டி, இருமி, அடித்தேன். பொறி இல்லை.

சுவிட்சை அப்படியே விட்டிருந்தால் அவர் பத்து எண்ணுவதற்குள் கண்டுபிடித்திருப்பார். லாம்ப் எரியவில்லை என்றால் எர்த், எர்த் என்றால் எந்த வயர் என்று விரல் வைத்துப் போய்விடுவார். அதனால் அவர் சோதிக்கும்போது கரண்டு விட்டேன், பொறி தேடும்போது பிடுங்கினேன். என்ன செய்யப் போகிறார் என்பதை அவரே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாரே.

"என்னடீ இருமல்?"

"தூசிங்க."

"நேத்துதான் வண்டியை ரெண்டு தடவ கழுவினேன், தூசியாம் தூசி!"

பாயிண்டைத் தேய்த்தார். கண்டென்சரை மாற்றினார். அலமாரியில் இருந்த புதுக் காயிலை எடுத்து, பழையதில் இருந்த வயர்களை அப்படியே அதில் மாட்டினார். பேட்டரியிலிருந்தே தனியாக ஒரு வயர் இழுத்துக் கொடுத்தும் பார்த்தார். எல்லாம் சரி, எல்லாம் சரி, எல்லாம் சரி. அடித்தால் பொறி இல்லை. எதிர்க்கடைத் தையல்காரர் கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டபடி வந்து நின்றார். ஊரில் எங்கே பானெட் திறந்தாலும் அங்கே இருப்பார்.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பாத்தா என்னங்க?"

"ஸ்பார்க்கே இல்லாத வண்டியைத் தள்ளினா, ஸ்டேஷன் வரைக்கும் தள்ளிக்கிட்டே போக வேண்டியதுதான். வர்றீங்களா?" என்றார் இவர். தையல்காரர் இரண்டடி பின்வாங்கினார்.

பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சந்து. அதன் வழியாக அவர் விரல்கள் மட்டும் எனக்குத் தெரியும். காயிலில் சேருகிற வயர்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தன. அந்த வயரில் வந்து நின்றன. "இது செத்த வயர்" என்று சொல்லிவிட்டு விரல்கள் அடுத்ததற்குப் போயின. வேறு யாராவது வெட்டியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பார். அவரே வெட்டியதாயிற்றே.

மகள் போன் செய்தாள். ரயில் பாதி தூரம் வந்துவிட்டதாம். "அப்பா கிளம்பியாச்சா?"

"இதோ கிளம்பிக்கிட்டே இருக்கோம். குழந்தை என்ன பண்ணுது?"

"தூங்குது. நம்ம வண்டிச் சத்தத்துக்கு முழிச்சுக்கப் போகுது பாரு" என்று சிரித்தாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது சத்தம் ஏதும் இல்லை. அவர் சும்மா நின்றுகொண்டிருந்தார். அவர் சும்மா நின்று நான் பார்த்ததே இல்லை.

"காயிலை மாத்திட்டேனா?" என்று கேட்டார்.

"மாத்திட்டீங்க. பழசு உங்க கையிலதான் இருக்கு."

கையைப் பார்த்தார். அதைக் கீழே வைத்துவிட்டு, முதலில் செய்த சோதனையையே மறுபடியும் தொடங்கினார். அதே வரிசை. குரலில் காலையில் இருந்த துள்ளல் இல்லை. இரண்டாவது தடவை முடித்ததும், நிழலுக்காகத் துண்டை எஞ்சின் மேல் பிடித்துக்கொண்டு தையல்காரரைக் கூப்பிட்டார். "நீங்க கொஞ்சம் பாருங்க. எனக்குத்தான் தெரியலையா? அடி!"

"ஒண்ணும் இல்லையேண்ணே" என்றார் தையல்காரர். கடையில் யாரோ கூப்பிட, அவர் போய்விட்டார்.

"அடி" என்றார் இவர் மறுபடியும். எதைத் தொடுகிறேன் என்று சொல்லவில்லை. நான் அடித்துவிட்டேன். அடித்துக்கொண்டே சந்து வழியாகப் பார்த்தால், பிளக் வயரின் முனையை வெறுங்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆளைத் தூக்கி எறிகிற கரண்டு ஓடும் வயர் அது. என் பிளாஸ்திரி முடிச்சு கொஞ்சம் நழுவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாவியை விட்டுவிட்டு ஓடினேன்.

"உங்களுக்குப் பைத்தியமா? சொல்லாம எதுக்குத் தொட்டீங்க?"

அவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமே உறைக்கலடீ" என்றார். "கண்ணுதான் போச்சோன்னு நினைச்சேன். கையும் செத்துப் போச்சு போல. எல்லாம் சரியா இருக்கு, ஆனா ஸ்பார்க் இல்ல. அப்படி ஒரு கோளாறு உலகத்துலயே கிடையாது. அப்ப எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு."

"அப்படியெல்லாம்..."

"அன்னைக்கு பிரேக் இழுக்கல. எனக்கு ஒண்ணுமே தெரியல. கண்ணைத் தொறந்தா கம்பம் நிக்குது. அதுலேர்ந்து பயந்துக்கிட்டேதான் இருக்கேன். மூளையில ஏதோ கழண்டுபோச்சு. இந்த வேலையும் மறந்துபோச்சுன்னா அப்புறம் நான் யாரு?"

ஒரு மாதமாக நான் கேட்கத் தவம் கிடந்த வார்த்தை. கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. பேத்தியைக் காப்பாற்றப் போய் இந்த மனுஷனின் உயிரையே பிடுங்கிவிட்டேனே என்று பதறிப்போனேன்.

"உங்க மூளைக்கும் ஒண்ணும் ஆகல, கைக்கும் ஒண்ணும் ஆகல. வந்து சீட்டுக்கு அடியில பாருங்க. நான்தான்."

என்னைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். பிறகு குனிந்தார். அடியில் தலையை விட்டவர் வெளியே எடுக்கவே இல்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "பிளாஸ்திரியா?"

"டேப் உங்ககிட்ட இருந்துச்சு."

"அதான் இருமினியா?"

"ஆமா."

வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கழற்றிய பிளக்கை மாட்டினார், வயரைச் சேர்த்தார், பானெட்டை மூடாமலே வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். சுவிட்சை மேலே தட்டினார். சாவியைத் திருப்பினார். மூத்த பிள்ளை ஒரே அடியில் பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது. அவர் கை கியரில் இருந்தது. நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டேன். என்னை ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும், வேறு வழியில்லை.

"நகரு!"

"மாட்டேன்."

"கோளாறுதான் இல்லன்னு ஆயிடுச்சுல்ல? நகருடீ!"

"வண்டியில இல்லைங்க. பின்னாடி நீங்க தச்ச வாரைத் திரும்பிப் பாருங்க. அப்புறம் எடுங்க."

அவர் திரும்பிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. திறந்திருந்த பானெட் மறைத்தது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, நான் நகரவில்லை. பிறகு எஞ்சின் நின்றது.

இறங்கினார். நேராகப் பட்டறைக்குள் போனார். கோபித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். ஈயம் பற்றவைக்கும் கருவியைச் சூடாக்கிக்கொண்டு வந்தார். சீட்டுக்கு அடியில் படுத்தார். என் பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்தார்.

"வெட்டப் போறீங்களா?"

"சும்மா முறுக்கி விட்டிருக்கே. நாலு குலுக்கு குலுக்கினா கழண்டுடும். இதெல்லாம் ஒரு ஜாயிண்டா?"

பளபளவென்று ஈயம் வைத்து இரண்டு முனைகளையும் பற்றவைத்தார். இடுப்புப் பையிலிருந்து டேப்பை எடுத்து இறுக்கிச் சுற்றினார். சுவிட்சைக் கீழே தட்டிவிட்டு, "அடி" என்றார். அடித்தேன். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி அடிக்கச் சொன்னார். பிடிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார்.

எழுந்து, சட்டையைத் தட்டினார். "சுவிட்ச் இருக்கற இடம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வேற எங்கயாவது மாத்தி வை. நான் பாக்காதப்ப வை." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பாமலே சொன்னார்: "டாக்டர்கிட்ட நாளைக்கே போகணுமா?"

"நாளைக்கே."

"சரி. வாடகை வண்டிக்குச் சொல்லு. குழந்தை வந்து காத்திருக்கும்."

முற்றத்துக் குழாயைத் திறந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவ ஆரம்பித்தார். வழக்கமாக இரண்டு உதறலில் முடித்துவிடுவார். இப்போது சோப்பைத் தேய்த்தார், கழுவினார், மறுபடியும் தேய்த்தார். ரயிலுக்கு நேரமாகிறது, இந்த மனுஷன் என்ன செய்கிறார் என்று ஒரு கணம் எரிச்சல்கூட வந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மேஜையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வேனுக்கு ஓடினேன்.

சுவிட்சைக் கழற்றி வேறோர் இடத்தில் முடுக்கி முடிக்கும்வரை குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எந்த இடம் என்று உங்களிடமும் சொல்ல மாட்டேன்.